கதவை முதலில் பாருங்கள்: உளப்பகுப்பாய்வுத் தொழிலில் ரகசியம் காப்பது எப்படி?

உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்டு தம் காத்திருப்பு அறைக்கும் சிகிச்சை அறைக்கும் நடுவில் இரட்டைக் கதவு வைத்திருந்தார். சத்தம் போகாமலிருக்க அதற்குத் தடித்த துணியும் போர்த்தியிருந்தார். 1916-17இல் ஆற்றிய அறிமுகச் சொற்பொழிவுகளில் அந்தக் கதவைப் பற்றிப் பேசுகிறார். உள்ளே அழைக்கப்படுபவர்கள் கதவைச் சாத்தாமலே வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். ஆனால் அது காத்திருப்பு அறை காலியாக இருக்கும்போது மட்டும்தான். வெளியே முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தால், மறக்காமல் இரண்டு கதவுகளையும் சாத்திவிட்டுத்தான் வருவார்கள். கூட்டமில்லாத வைத்தியர்தானே என்ற அலட்சியம் அந்தத் திறந்த கதவில் தெரிகிறது என்பது ஃபிராய்டின் கணிப்பு. நான் அதில் எடுத்துக்கொள்வது வேறு. நாம் எந்த வாக்குறுதியும் கொடுப்பதற்கு முன்பே, வெளியே காது இருக்கிறதா என்று வருபவர் பார்த்துவிடுகிறார்.

இந்தக் கட்டுரை, பயிற்சியை முடித்தோ முடிக்கும் தறுவாயிலோ, முதல் சில பேரைப் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு. சிகிச்சைக்குப் போக நினைப்பவர்களும் படிக்கலாம். எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது பிடிபடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடங்களில் நான் பார்த்த ரகசியக் கசிவுகளில் கெட்ட எண்ணத்தால் நேர்ந்தவை அநேகமாக இல்லை. ஒரே நாளில் ஆறேழு பேரின் துயரத்தையும் ஆசையையும் அவமானத்தையும் கேட்டுவிட்டு, அதை எங்கேயாவது இறக்கிவைக்கத் தவிக்கும் மனம்தான் கசிகிறது. ஆகவே கீழே சொல்வதில் பாதி பூட்டைப் பற்றியது. மீதி, சுமையை எங்கே இறக்குவது என்பதைப் பற்றியது.

சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

அந்தரங்கம் என்பது வருபவருடையது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்று அவரே முடிவு செய்கிற உரிமை. ரகசியக் காப்பு என்பது அவர் சொன்ன பிறகு உங்கள் மேல் விழுகிற கடமை. மூன்றாவதாக ஒன்று உண்டு: சிகிச்சையில் பேசியதை நீதிமன்றத்தில் வெளியிடாமல் தடுக்கும் சட்டப் பாதுகாப்பு. இது நாட்டுக்கு நாடு மாறும்; சில இடங்களில் வலுவாக இருக்கும், சில இடங்களில் பெயருக்கு இருக்கும். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு 'எல்லாம் ரகசியம்தான்' என்று சொல்பவர்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்.

மற்ற மருத்துவத்தில் ரகசியம் ஒரு கடமை. இங்கே அது சிகிச்சையின் கருவியே. மனதில் தோன்றுவதையெல்லாம் சலிக்காமல், வடிகட்டாமல் சொல்லுங்கள் என்று கேட்கிறோம். 1913இல் எழுதிய கட்டுரையில் ஃபிராய்டு ஓர் உயர் அதிகாரியைக் குறிப்பிடுகிறார். பதவிப் பிரமாணத்தின் காரணமாக அரசு ரகசியங்கள் சிலவற்றை அவர் சொல்ல முடியாது. அந்த ஒரு விலக்கினாலேயே பகுப்பாய்வு முறிந்துபோனது. ஊரில் ஓரிடத்தில் மட்டும் யாரையும் கைது செய்யக் கூடாது என்று விட்டால், எல்லாப் போக்கிரிகளும் அங்கே வந்து கூடுவதற்கு எத்தனை நாளாகும் என்று கேட்கிறார். உங்கள் அறையில் ஓட்டை இருக்கிறது என்று வருபவர் நினைத்தால், சொல்ல வேண்டிய அத்தனையும் அந்த ஓட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

அறையைச் சோதியுங்கள்

அறையை வாடகைக்கு எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை: ஒரு நண்பரை உள்ளே உட்காரவைத்துச் செய்தித்தாளைச் சாதாரணக் குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் காத்திருப்பு நாற்காலியில் உட்காருங்கள். பிறகு பக்கத்து அறை, கழிப்பறை, மாடிப்படி என்று ஒவ்வோர் இடமாக நின்று கேளுங்கள்.

என் முதல் அறையில் இதைச் செய்தபோது கதவு வழியாக ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பெருமையாக இருந்தது. கழிப்பறைக்குள் போனேன், தலைக்கு மேலே இருந்த காற்றுத் துவாரம் வழியாகப் பொருளாதாரப் பக்கம் முழுவதும் தெளிவாகக் கேட்டது. அறுபது ரூபாய்க்குப் பஞ்சு வாங்கி அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் வேலை ஆனது. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. நண்பரைச் சற்று விசும்பி அழுவதுபோல் செய்யச் சொன்னேன். சொற்களை மறைத்த கதவால் அழுகையை மறைக்க முடியவில்லை. கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை, பொதுச் சுவரில் புத்தக அலமாரி, வெளியே ஓயாமல் ஓடும் ஒரு மின்விசிறி ஆகியவை இதற்குப் பெரும்பாலும் போதும்.

அமர்வுகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகும்போது அடுத்தவர் படியேறி வரக் கூடாது. வெளியேற வேறு வழி இருந்தால் அதைவிட நல்லது ஏதுமில்லை.

மேசையையும் பாருங்கள். ஒருமுறை அமர்வு தொடங்கும் நேரத்தில் என் கைபேசி மேசைமேல் மல்லாந்து கிடந்தது. திரை ஒளிர்ந்தது; இன்னொருவரின் பெயரும், 'நேற்று நான் சொன்னதை நினைத்து' என்று தொடங்கும் செய்தியின் முதல் வரியும் தெரிந்தன. எதிரே இருந்தவர் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு கனவைச் சொன்னார்: தபால்காரர் எல்லா வீட்டுக் கடிதங்களையும் தெருவில் நின்று உரக்கப் படிக்கிறாராம். பார்த்திருக்கிறார். அன்று முதல் கைபேசி இழுப்பறையில், அணைத்த நிலையில் இருக்கிறது. குரலால் இயங்கும் எந்தக் கருவியும் அந்த அறையில் கிடையாது.

முதல் சந்திப்பில் என்ன சொல்வது

'இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது' என்று சொல்லாதீர்கள். அது பொய். சொல்லும்போது இதமாக இருக்கும். உடையும்போது எல்லாவற்றையும் சேர்த்து உடைக்கும்.

நான் சொல்வது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "நீங்கள் இங்கே வருகிறீர்கள் என்பதையே நான் யாரிடமும் சொல்வதில்லை. என் வேலையைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு மூத்தவருடன் கலந்து பேசுகிறேன். உங்கள் பெயரோ அடையாளமோ அங்கே வராது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்று தோன்றினால், ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால், நீதிமன்றம் கட்டாயப்படுத்தினால், நான் பேச வேண்டி வரலாம். அப்படி வந்தால், முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்."

விலக்குகளின் பட்டியல் உங்கள் நாட்டுச் சட்டப்படி மாறும். தொழில் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பணம் கொடுத்து உட்கார்ந்து, ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த விலக்குகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு எல்லாரும் காட்டும் வழக்கு கலிபோர்னியாவின் டாரசாஃப் வழக்கு. பல்கலைக்கழக உளவியலாளர் ஒருவரிடம் சிகிச்சைக்கு வந்தவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகச் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவல்துறைக்குத் தெரிவித்தார். அவர்கள் விசாரித்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ குடும்பத்துக்கோ யாரும் சொல்லவில்லை. 1969 அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காக்கத் தகுந்த நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது.

இதைக் கேட்டுவிட்டுப் புதியவர்கள் ஒவ்வொரு கோபத்துக்கும் பதறுவார்கள். 'அவனைக் கொன்றுவிடலாம் போலிருக்கிறது' என்பது இந்த அறையின் அன்றாடப் பேச்சு. ஆசைக்கும் திட்டத்துக்கும் உள்ள தூரத்தை அளப்பதுதான் உங்கள் பயிற்சி. சந்தேகம் வந்தால் அன்றே மேற்பார்வையாளரை, அதாவது உங்கள் வேலையைச் சரிபார்க்கும் மூத்தவரை, கூப்பிடுங்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

உறவினர் தொலைபேசியில் அழைப்பார்கள். கண்டிப்பாக அழைப்பார்கள். கட்டணம் கொடுப்பவர் அவராகவே இருந்தால் குரலில் உரிமையும் இருக்கும். "அப்படி ஒருவர் என்னிடம் வருகிறாரா இல்லையா என்பதையே நான் சொல்ல முடியாது, மன்னியுங்கள்" என்பதுதான் பதில். அவர் விடாமல் பேசினால் காதை மூடிக்கொள்ள முடியாது. ஆனால் அழைப்பு வந்ததை அடுத்த அமர்வில் வருபவரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி உங்களுக்கும் அவர் அம்மாவுக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருக்கக் கூடாது. சிறுவர்களைப் பார்ப்பதாக இருந்தால், பெற்றோருக்கு எதைச் சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள் என்பதை மூவரும் இருக்கும்போது முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

குறிப்புகள்

அமர்வின்போது எழுத வேண்டாம் என்று ஃபிராய்டு 1912இலேயே சொன்னார். கவனம் ஓரிடத்தில் குவியாமல் பரவி நிற்க வேண்டும் என்பது அவர் கொடுத்த காரணம். ரகசியக் காப்புக்கும் அது உதவுகிறது. எழுதாத தாளை யாரும் திருட முடியாது.

இருந்தாலும் புதியவர்கள் எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, அலுவல் பதிவு: தேதி, வந்தாரா, கட்டணம், அவசரமாக எடுத்த முடிவு ஏதாவது இருந்தால் அது. மற்றது, உங்கள் சொந்தச் சிந்தனைக் குறிப்பு: கனவு, உங்களுக்குத் தோன்றியது, உங்களுக்கு வந்த எரிச்சல். இதில் பெயர், ஊர், வேலை எதுவும் வேண்டாம். மேற்பார்வையில் பேசி முடித்ததும் கிழித்துவிடுங்கள். எலி மனிதன் என்று அறியப்படும் நோயாளியின் 1907ஆம் ஆண்டுக் குறிப்புகள், வழக்கமாகக் கிழித்துப் போடும் ஃபிராய்டின் காகிதங்களுக்குள் எப்படியோ தப்பிக் கிடந்தன. அவர் இறந்த பிறகு கண்டெடுக்கப்பட்டு 1955இல் ஆங்கிலத்தில் அச்சாகிவிட்டன. ஆய்வாளர்களுக்கு அது புதையல்தான். நீங்கள் அதை நம்பிக் குறிப்பைப் பாதுகாக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை: நீதிமன்ற அழைப்பாணை வந்த பிறகு ஒரு தாளையும் தொடக் கூடாது. அதன் பிறகு கிழிப்பது பல நாடுகளில் குற்றம். கிழிப்பது, தொடக்கத்திலிருந்தே உங்கள் வழக்கமாக இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுகள் அலுவல் பதிவை வைத்திருக்க வேண்டும் என்பதையும் அந்த வழக்கறிஞரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

காகிதமா கணினியா என்று கேட்பார்கள். இரண்டும் உடைக்கப்பட்டிருக்கின்றன. 1971 செப்டம்பரில், வியட்நாம் போர் ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பர்க்கைப் பற்றிய தகவலுக்காக, அமெரிக்க வெள்ளை மாளிகை ஏவிய ஆட்கள் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தைக் கன்னமிட்டு கோப்பு அலமாரியை உடைத்தார்கள். பின்லாந்தின் வஸ்தாமோ மனநல சிகிச்சை நிறுவனத்திலிருந்து முன்பே களவாடப்பட்ட பதிவுகளைக் கொண்டு, 2020இல் சிகிச்சைக்கு வந்தவர்களையே மிரட்டிப் பணம் கேட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 33,000 பேர். அலமாரியை உடைக்க ஆள் வர வேண்டும். கணினியை உலகின் எந்த மூலையிலிருந்தும் உடைக்கலாம், ஒரே இரவில் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகலாம். எனவே என் சிந்தனைக் குறிப்புகள் காகிதத்தில்தான். பழைமைவாதி என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கணினியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் வன்தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யுங்கள். இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள். குடும்பத்தினர் பயன்படுத்தும் கணினி வேண்டவே வேண்டாம். கைபேசித் தொடர்புப் பட்டியலில் வருபவர்களின் எண்ணைப் பெயரோடு சேமித்தால், சமூக வலைத்தளங்கள் அந்தப் பட்டியலை உறிஞ்சி ஒருவருக்கொருவர் 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று காட்டும் வாய்ப்பு உண்டு. தொழிலுக்குத் தனி எண் வாங்குங்கள். பேச்சைத் தானாக எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகளின் விளம்பரம் இப்போது உங்களுக்கும் வந்திருக்கும். நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. அந்த அறையில் மூன்றாவதாக ஒருவரை உட்காரவைக்கிறீர்கள் என்பதும் உண்மை.

சுமையை இறக்கும் இடம்

இதுதான் கட்டுரையின் நடுப்பகுதி. மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

மாலை வீட்டுக்குப் போகிறீர்கள். துணைவர் "இன்று எப்படி இருந்தது?" என்று கேட்கிறார். பெயர் சொல்லாமல்தானே, ஒரே ஒரு வேடிக்கையான விஷயம். ஆறு மாதம் கழித்து ஒரு திருமண வீட்டில் அந்த வேடிக்கைக்கு உரியவரை அவர் சந்திக்கிறார், கதை பொருந்துகிறது, முகத்தில் ஒரு கணம் மாற்றம். அவ்வளவு போதும்.

சக தொழிலர்களின் குழுச் செய்திகள் இன்னும் மோசம். 'முப்பத்து நான்கு வயது, பெண், மருத்துவர், சமீபத்தில் மணமுறிவு, மாலை ஆறு மணிக்கு மேல் நேரம் கிடைக்குமா?' என்று ஒருவர் பரிந்துரை கேட்கிறார். பெயர் இல்லை. ஆனால் அந்த நகரத்தில் அப்படிப்பட்டவர் எத்தனை பேர்? 'ஒருவருக்கு மாலை நேரம் தேவை. நேரம் உள்ளவர்கள் என்னைக் கூப்பிடுங்கள்' என்பது போதும். கருத்தரங்கு முடிந்து லிஃப்ட்டிலும் காபிக் கடையிலும் தொடரும் பேச்சுக்கும் இதே கதிதான்.

பேசாமல் இருங்கள் என்று மட்டும் சொன்னால் அது நடக்காது. பேச இடம் வேண்டும். அதற்குத்தான் மேற்பார்வை, அதற்குத்தான் நீங்களே இன்னொருவரிடம் போய்ச் செய்துகொள்ளும் சொந்தப் பகுப்பாய்வு. மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எவ்வளவு பெரியவர் என்பதைவிட, உங்களிடம் வருபவர்களின் வட்டத்தில் அவர் புழங்காதவரா என்று பாருங்கள். அவரும் கடமைக்குக் கட்டுப்பட்டவர் என்பதை வாய்விட்டு ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள். யாரிடமாவது எதையாவது சொல்லத் துடிக்கும் நாளில், அந்தத் துடிப்பையே மேற்பார்வைக்கு எடுத்துப்போங்கள். நம்மை ஒருவர் எதற்காகக் கசியவைக்கப் பார்க்கிறார் என்பதில் அவரைப் பற்றிய செய்தி இருக்கும். வீட்டில் ரகசியங்களைச் சுமந்தே வளர்ந்தவர், அந்த மூட்டையை நம் தலையில் ஏற்றிவிட்டு, நாம் தடுமாறுகிறோமா என்று பார்ப்பதுண்டு.

சிறிய வட்டங்களில் இன்னொரு சிக்கல் வரும். நீங்கள் பார்க்கும் ஒருவரைப் பற்றி, நீங்கள் பார்க்கும் இன்னொருவரே பேசுவார்: மேலதிகாரி, முன்னாள் காதலர், தோழியின் அண்ணன். கேட்டுக்கொள்ளுங்கள்; முகத்தில் காட்டாதீர்கள்; இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் ஒரு கேள்வியாகக்கூடக் கொண்டுபோகாதீர்கள். எதை யாரிடமிருந்து கேட்டோம் என்ற கணக்கு மனதில் குழம்பத் தொடங்கினால், அடுத்த தடவை புதிதாக வருபவரை ஏற்கும் முன் 'யார் சொல்லி வந்தீர்கள்?' என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

பயிற்சி நிறுவனங்களிலும் இந்தப் பிரச்சினை இருந்தது. பயிற்சி பெறுபவரைப் பகுப்பாய்வு செய்தவரே, அவர் தேறுவாரா என்று நிறுவனத்துக்கு அறிக்கை தந்த காலம் உண்டு. பல இடங்களில் அது கைவிடப்பட்டுவிட்டது. நீங்கள் சேரும் இடத்தில் எப்படி என்று கேட்காமல் சேராதீர்கள்.

தெருவிலும் திரையிலும்

வருபவரை வெளியே பார்த்தால் அவர் முதலில் பேசட்டும். பேசாவிட்டால் நீங்களும் பேசாதீர்கள். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவமதிப்பாகத் தோன்றாது. அவரை இணையத்தில் தேடிப் பார்க்காதீர்கள். அவர் சொல்லாததை நீங்கள் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதும் ஓர் அத்துமீறல்தான். யாராவது உங்களைப் பற்றி இணையத்தில் மோசமாக எழுதினால் பதில் எழுதக் கை துறுதுறுக்கும். 'நீங்கள் என்னிடம் வந்தபோது' என்று தொடங்கினாலே முடிந்தது கதை.

இணையவழி அமர்வில் பாதி அறை அவர் கையில் இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறதா, காதில் மாட்டும் கேட்பொறி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். யாராவது திடீரென உள்ளே வந்தால் சொல்ல ஒரு சாதாரண வாக்கியத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: 'அந்தக் கணக்கைப் பிறகு அனுப்புகிறேன்' என்பதுபோல. நின்றிருக்கும் காருக்குள் உட்கார்ந்து பேசுபவர்கள் நிறையப் பேர். வீட்டில் அவருக்கு ஒரு கதவுகூட இல்லை என்பதே பேச வேண்டிய விஷயம்.

எழுதும்போது

டோரா என்ற பெயரில் ஃபிராய்டு எழுதிய பெண்ணின் சிகிச்சை 1900 டிசம்பர் 31இல் முறிந்தது. உடனே எழுதிவிட்டார், 1905 வரை அச்சுக்கு விடவில்லை. பெயரை மாற்றினார், மருத்துவர்கள் மட்டுமே படிக்கும் இதழில் வெளியிட்டார். இன்று அவர் யார், கணவர் யார், அண்ணன் யார் என்பது பாடநூல் செய்தி. மாறுவேடத்துக்கு ஆயுள் குறைவு.

ஒப்புதல் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்பார்கள். உங்களைத் தெய்வமாக நினைக்கும் கட்டத்தில் இருப்பவர் எதற்குத்தான் மறுப்பார்? முடியையும் ஊரையும் மாற்றுவது மறைப்பு ஆகாது. அவரைத் தெரிந்தவர்கள் பேச்சு வழக்கிலேயே கண்டுபிடிப்பார்கள். பலரைக் கலந்து எழுதுங்கள், அல்லது கதையை விட்டுவிட்டு உங்கள் தவறை எழுதுங்கள். அவரே படிக்க நேர்ந்தால் எந்த வரியில் கூசுவார் என்று பார்த்து, அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவு வேண்டாம். கவிஞர் ஆன் செக்ஸ்டனின் மருத்துவர், அமர்வுகளைக் கவிஞர் மறந்துவிடுகிறார் என்பதற்காக, சிகிச்சைக்கு உதவவே பதிவு செய்தார். 1974இல் கவிஞர் இறந்த பின், மகளின் சம்மதத்தோடு அந்த நாடாக்கள் வாழ்க்கை வரலாறு எழுதியவரிடம் போயின. நூல் 1991இல் வந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது.

நீதிமன்றம் கூப்பிட்டால்

தொலைபேசியில் யார் கேட்டாலும், காவல்துறை என்று சொன்னாலும், எழுத்தில் கேளுங்கள் என்பதே பதில். அன்றே வழக்கறிஞரிடமும் உங்கள் தொழில் சங்கத்திடமும் பேசுங்கள். வருபவரிடம் சொல்லுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கேட்டதற்கு மட்டும், குறைந்த அளவில்.

1965இல் லண்டன் பகுப்பாய்வாளர் ஒருவர் தம் அனுபவத்தை மருத்துவ இதழில் பெயர் போடாமல் எழுதினார். சாட்சிக் கூண்டில் ஏறினார், பேச மறுத்தார், நீதிபதி வற்புறுத்தவில்லை. நோயாளி சம்மதித்தாலும் அந்தச் சம்மதம், அப்போதைக்கு அவர் நம்மீது கொண்டிருக்கும் பக்தியிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்பது அவர் வாதங்களில் ஒன்று. கலிபோர்னியாவில் லிஃப்ஷட்ஸ் என்ற பகுப்பாய்வாளர் அதேபோல் மறுத்துச் சிறைக்குப் போனார். 1970இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், இந்தப் பாதுகாப்பு நோயாளிக்கு உரியது, மருத்துவருக்கு அல்ல என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவின் மத்திய நீதிமன்றங்களில் இப்பாதுகாப்பு உறுதியானது 1996இல், ஜஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கில். நல்ல நீதிபதி கிடைப்பார் என்று நம்பித் தொழில் நடத்த முடியாது.

நீங்கள் இல்லாமல் போனால்

இதைப் புதியவர்கள் யாரும் செய்வதில்லை. திடீரென நீங்கள் இறந்தாலோ நினைவிழந்து கிடந்தாலோ, திங்கட்கிழமை பத்து மணிக்கு வருபவருக்கு யார் சொல்வது? உங்கள் பிள்ளைகளா? அப்படியானால் அவர்கள் பட்டியலைப் பார்க்க வேண்டும். அலமாரியைத் திறக்க வேண்டும்.

நம்பிக்கையான சக தொழிலர் ஒருவரிடம் பேசி எழுத்தில் ஏற்பாடு செய்யுங்கள். என் உறையில் முதலெழுத்துகளும் தொலைபேசி எண்களும் மட்டும் உள்ளன. அதோடு, எந்தத் தாளை வைத்திருக்க வேண்டும், எதைப் படிக்காமல் கிழிக்க வேண்டும் என்று ஒரு பக்கம். உறை பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது. சாவி அவரிடம். என் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்தது அவருடைய எண் ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறையைப் பிரித்துப் பட்டியலைத் திருத்தி மறுபடி ஒட்டுகிறேன். போன முறை மூன்று எண்களை அடித்துவிட்டு இரண்டைச் சேர்த்தேன்.